பாட்டிலுக்குள் எவ்வளவு வெனிலா?

போன மாதம் அக்கா மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். புது வேலை, புது வீடு, சமையல் மேடையில் புதிதாக ஒரு சின்ன காபி மெஷின். "சித்தி, வெனிலா சிரப் எது வாங்கறது? கடையில ஏழெட்டு வகை இருக்கு. விலையும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கு" என்றாள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது வெனிலாவைப் பற்றி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. 2000 ஏப்ரலில் ஹுதா என்ற புயல் மடகாஸ்கரின் வடகிழக்குக் கரையைத் தாக்கியது. உலகத்துக்கு வேண்டிய வெனிலாவில் பெரும்பகுதி விளைவது அங்கேதான். அதற்குப் பிறகு வெனிலா விலை ஏறிக்கொண்டே போனது. கேரளா, கர்நாடகா, எங்கள் பொள்ளாச்சி வட்டாரம் என்று தோப்புக்குத் தோப்பு கொடி நட்டார்கள். அப்பாவும் 2001-இல் தென்னை நிழலில் கிளைரிசிடியா மரத்தின் போத்து ஊன்றி அதில் வெனிலாவை ஏற்றினார். மூன்றாம் வருஷம் தை கடைசியில் பூத்தது. எனக்கு அப்போது பதினாறு வயது.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் சேர்த்துவைக்க வேண்டும். பூவுக்குள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று மறைத்து நிற்கும். ஈர்க்குச்சி முனையால் அதைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மகரந்தத்தை ஓர் அழுத்து அழுத்தினால் வேலை முடிந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு வரிசை பார்ப்போம்.

அந்தக் கட்டைவிரல் அழுத்தத்தைக் கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான். வெனிலாவின் தாய்நாடு மெக்சிகோ. கொடியை மற்ற தேசங்களுக்குக் கொண்டு போனவர்களுக்குப் பூதான் கிடைத்தது, காய் சரியாகக் கிடைக்கவில்லை. 1841-இல் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்து அதைச் செய்து காட்டினான். 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகுதான் அவனுக்கு ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயரே வந்தது. அவன் கண்டுபிடிப்பால் தீவு செழித்தது. அவன் வறுமையில் இறந்தான். மடகாஸ்கரிலும் ஆனைமலையிலும் இன்றுவரை பூவைத் தொடுவது அவன் சொல்லிக் கொடுத்த விதத்தில்தான். வெனிலா என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பையன்.

காய் முற்ற ஒன்பது மாதம் ஆகும். பச்சைக் காயில் வெனிலா வாசனையே இருக்காது. பீன்ஸ் மாதிரி மணக்கும். பறித்த காயை வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்து, சூட்டோடு கம்பளியில் சுற்றி வேர்க்க விட வேண்டும். பிறகு தினமும் கொஞ்ச நேரம் வெயில், மறுபடி கம்பளி. அப்புறம் நிழல் உலர்த்தல், அப்புறம் மூடிய பெட்டியில் மாதக்கணக்கில் பதப்படுத்தல். இந்தப் பக்குவத்தில்தான் காய்க்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிற வெனிலின் என்ற வாசனைப் பொருள் விடுபட்டு மணக்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும்.

எங்கள் காய் பதமாகி வந்தபோது விலை விழுந்துவிட்டது. மடகாஸ்கரில் மறுபடி விளைந்தது ஒரு காரணம். விலை தாங்காமல் ஐஸ்கிரீம், பிஸ்கட் கம்பெனிகள் செயற்கை வெனிலினுக்கு மாறிப்போனது இன்னொரு காரணம். பச்சைக் காய் கிலோவுக்கு ஆயிரங்களில் பேசிய வியாபாரிகள் நூறுகளில் பேசினார்கள். பிறகு பேசவும் வரவில்லை. அடுத்த வருஷம் அப்பா கொடியை எல்லாம் அறுத்துப் போட்டார். விற்காமல் நின்றதில் ஒரு பிடிக் காயை அம்மா பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். என் கல்யாணத்தின்போது அந்தப் பீரோவைத் திறந்தால் அப்போதும் வாசம் வந்தது. உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி, புகையிலை, இவற்றின் அடியில் ஓர் இனிப்பு. ஐஸ்கிரீம் வாசனை அதில் ஒரு பகுதிதான்.

இந்த வாசனை மூக்கில் நின்றுவிட்டதால்தான் சிரப் பாட்டிலை எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புகிறேன்.

சேர்பொருள்களை அதிக எடையிலிருந்து குறைந்த எடைக்கு இறங்கு வரிசையில் போட வேண்டும் என்பது விதி. சர்க்கரை சேர்த்த எந்த வெனிலா சிரப்பிலும் முதல் இரண்டு இடம் சர்க்கரைக்கும் தண்ணீருக்கும்தான். நீங்கள் காசு கொடுப்பது மூன்றாவதாக வருவதற்கு. அங்கே 'வெனிலா எக்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தால் காயிலிருந்து வடித்த சாறு. 'நேச்சுரல் ஃப்ளேவர்' என்று மட்டும் இருந்தால் அது வெனிலாக் காயாகவும் இருக்கலாம், கிராம்பு எண்ணெயிலிருந்தோ அரிசித் தவிட்டிலிருந்தோ எடுத்த வெனிலினாகவும் இருக்கலாம். 'நேச்சர் ஐடென்டிகல்' என்றால் காயில் இருக்கிற அதே மூலக்கூறு, ஆனால் ஆலையில் செய்தது. 'ஆர்டிஃபிஷியல்' என்றால் பெரும்பாலும் எத்தில் வெனிலின். இது வெனிலாக் காயில் இல்லாத பொருள், வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியம் கூடியது.

செயற்கை என்றதும் விஷம் என்று நினைக்க வேண்டியதில்லை. வெனிலாவிலிருந்து வெனிலினைத் தனியாகப் பிரித்தது 1858-இல், பிரான்சில். அதை 1874-இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பைன் மரத்தில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து நூற்றைம்பது வருஷமாக உலகம் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நம் பேக்கரி கேக்கின் வாசனை அதுதான். அந்த வாசனை எனக்கும் பிடிக்கும். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று: காயின் படத்தைப் போட்டு, காயின் விலையை வாங்கிக்கொண்டு, எத்தில் வெனிலினைக் கொடுப்பது. அப்படி ஒரு பாட்டிலை நானே ஆன்லைனில் வாங்கியிருக்கிறேன். உள்ளே கறுப்புப் புள்ளிகள் அழகாக மிதந்தன. எழுத்தைப் படித்தால், சாறு வடித்த பிறகு மிஞ்சிய விதைகளை அலங்காரத்துக்குச் சேர்த்திருந்தார்கள். புள்ளி இருப்பதால் வெனிலா இருப்பதாக அர்த்தமில்லை. உருண்டு திரண்ட நிஜக் காயில்கூட அந்த மணல் போன்ற விதையில் வாசனை அதிகம் கிடையாது. அதைச் சுற்றியிருக்கிற பசையிலும் சதையிலும்தான் எல்லாம்.

'பிரெஞ்ச் வெனிலா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து பிரான்சில் விளைந்தது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். முட்டை மஞ்சள் கரு சேர்த்துச் செய்யும் கஸ்டர்ட் பாணி சுவைக்கு அந்தப் பெயர். கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் கேரமல் மாதிரி இருக்கும். 'போர்பன் வெனிலா' என்பதும் விஸ்கி அல்ல. ரீயூனியனின் பழைய பெயர் போர்பன். அந்தப் பக்கத்துத் தீவுகளின் வெனிலாவுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.

காபியில் வெனிலா சிரப் சேர்ப்பது அப்படியொன்றும் பழைய வழக்கமில்லை. மோனின் என்ற சிரப் கம்பெனி பிரான்சில் 1912-இல் தொடங்கியது, டொரானி என்ற இன்னொரு கம்பெனி சான் பிரான்சிஸ்கோவில் 1925-இல். அங்கே இத்தாலியர்கள் குடியிருந்த பகுதியில் இந்தச் சிரப்பைச் சோடாவில் கலந்துதான் குடித்தார்கள். அது காபிக்குள் போய் வெனிலா லாட்டே ஆனது 1982-இல் என்கிறது டொரானி. நமக்கு இந்த முறை புதிதே இல்லை. நன்னாரி சர்பத்தும் ரோஸ் மில்க் சிரப்பும் இதே வேலையைத்தான் செய்கின்றன: வாசனையைப் பாகில் ஏற்றி, வேண்டும்போது ஜில்லென்று கரைத்துக் குடிப்பது. குளிர்ந்த பாலில் சர்க்கரையைப் போட்டால் டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாகு உடனே கலக்கும். சிரப்பின் முதல் பயன் அதுதான்.

அதனால் அக்கா மகளிடம் இப்படிச் சொன்னேன். சூடான, திடமான காபியில் கலக்கத்தான் என்றால் எக்ஸ்ட்ராக்டுக்கு இரட்டிப்புக் காசு கொடுக்காதே. வறுத்த கொட்டையின் மணமும் கசப்பும் முன்னால் நிற்கும்போது காயின் நுணுக்கங்கள் அமுங்கிவிடும். சிக்கரி கலந்த டிகாக்ஷனில் நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன், நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெறும் பாலில், கோல்ட் காபியில், பழத்தின் மேல், அதாவது வெனிலா தனியாக நிற்கிற இடத்தில் பயன்படுத்துவாய் என்றால் காயிலிருந்து வந்ததை வாங்கு. வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும். 750 மில்லி பாட்டில் விலையில் லாபமாகத் தெரியும். தினமும் ஒரு கப், கப்புக்கு 10 மில்லி என்றால் இரண்டரை மாதம் வரும். வாரம் இரண்டு முறை குடிக்கிற ஒருத்திக்கு அதே பாட்டில் எட்டு மாதத்துக்கு மேல் நிற்கும். அதற்குள் வாசனை களைத்துப்போய் இனிப்பு மட்டும் மிஞ்சும். சின்ன பாட்டிலே போதும்.

சர்க்கரை இல்லாத வகையைப் பற்றியும் கேட்டாள். அதில் பொதுவாகச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு இருக்கும், சேர்பொருள்களில் ஐஎன்எஸ் 955 என்ற எண்ணில் வரும். பாகின் கனம் இல்லாததால் வாயில் தண்ணீராக ஓடும், கடைசியில் ஓர் இனிப்பு நாக்கில் தங்கிவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை. சர்க்கரைதான் மற்றச் சிரப்புகளைக் கெடாமல் காக்கிறது என்பதால் இந்த வகையைத் திறந்த பிறகு பாட்டிலில் சொன்னபடி கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் சொன்ன பிறகு, "வீட்டிலேயே காய்ச்சிடேன்" என்றேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. பாகு காய்ச்சத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இது பெரிய விஷயமில்லை.

சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 200 மில்லி, வெனிலாக் காய் இரண்டு. காய் வளைந்து விரலில் சுற்றுகிற பதத்தில் இருந்தால் நல்லது. ஆனால் சிரப்புக்குக் கொஞ்சம் காய்ந்த இரண்டாம் தரக் காயே போதும், விலையும் குறைவு. காயை நீளவாக்கில் கத்தி நுனியால் கீறிப் பிளந்து, உள்பசையைக் கத்தியின் முதுகால் வழித்து எடுங்கள். பசை, தோல் இரண்டையும் சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகப் பிசறிவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அணைத்துவிட வேண்டும். குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சுகிற பிசுக்குப் பதத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துவது முக்கியம். கம்பிப் பதம் வந்துவிட்டால் ஆறியதும் இறுகிப்போகும். எலுமிச்சை சேர்ப்பதும் அதற்காகத்தான். புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்துவிடும், பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டுவது குறையும்.

மூடி போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். வெனிலின் குளிர்ந்த தண்ணீரில் லேசில் இறங்காது, சூட்டில் இறங்கும்; மெல்ல ஆறுகிற பாகு அதற்குத் தோதான இடம். காலையில் முகர்ந்தால் காய்ச்சிய நேரத்து வாசனைக்கும் இதற்கும் இருக்கிற தூரம் தெரியும். வெந்நீரில் கழுவி ஈரம் போகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, காய்த் தோலையும் உள்ளேயே போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தோல் பாகுக்குள் முழுகி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரம் போனால் இன்னும் இறங்கியிருக்கும்.

சர்க்கரையும் தண்ணீரும் சமமாகப் போட்டால் பாகு இளசாக இருக்கும், கலக்க எளிது. ஆனால் நாள் தாங்காது. நான் முதன்முதலில் அப்படித்தான் செய்து, சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று வந்தது, மேலே வெள்ளை நுரை, கள் வாசனை. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. இரண்டு காய் வீணாகப் போனது ரொம்ப நாள் உறுத்தியது. சமபங்குப் பாகு என்றால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கெட்டிப் பாகு ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் என்னிடம் நன்றாக இருந்திருக்கிறது.

பாட்டில் தீர்ந்ததும் தோலைக் கழுவி நிழலில் உலர்த்தி சர்க்கரை டப்பாவில் புதைத்துவிடுவேன். அடுத்த மாதக் கேக்குக்கு அந்தச் சர்க்கரைதான்.

காய் கிடைக்கவில்லை என்றால் கடை எசன்ஸில் செய்யலாம், தப்பில்லை. பாகு முழுதும் ஆறிய பிறகு ஒரு டீஸ்பூன் விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் வாசனை உங்கள் வீட்டுக்குப் போகும், பாகுக்கு மிஞ்சாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் போட்டுப் பார்த்தேன். கருப்பட்டியின் மணம் பெரியது, வெனிலா அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். இருந்தாலும் குளிர்ந்த பாலில் அது தனி ருசி. வெல்லமோ கருப்பட்டியோ கொதிக்கிற பாலில் பட்டால் திரிந்துவிடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், இந்தச் சிரப்புக்கும் அதே கவனம் வேண்டும்.

அளவு விஷயத்தில் நான் கறார். டீஸ்பூன் என்றால் 5 மில்லி. பம்ப் வைத்த பாட்டில் என்றால் ஒரு தடவை அழுத்தினால் எத்தனை மில்லி வருகிறது என்று மருந்து மூடியில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பம்ப்பும் ஒவ்வொரு அளவு. நான் சொன்ன கெட்டிப் பாகில் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு, அதாவது 15 மில்லிக்கு, ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரைக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இரண்டு டம்ளர் கோல்ட் காபியில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதனால் காய் போட்டுச் செய்த சிரப்பில் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. வாசனைக்காகத்தானே ஊற்றுகிறோம், இனிப்பு போதாவிட்டாலும் வாசனை போதும்.

காலை ஃபில்டர் காபியில் நான் சேர்ப்பதே இல்லை. நுரை பொங்க ஆற்றிய பித்தளை டபரா காபிக்கு வேறெந்த வாசனையும் தேவையில்லை என்பது என் கட்சி. மதியம் மிஞ்சிய டிகாக்ஷனை ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ந்த கெட்டிப் பாலும் இரண்டு டீஸ்பூன் வெனிலா பாகும் சேர்த்துக் குலுக்கிக் குடித்தால் கோடைக்கு அதைவிட வேறு வேண்டாம். பாலின் கொழுப்பு வெனிலாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு நீக்கிய பாலில் அதே சிரப் மெலிந்து தெரியும்.

சோடாவில் விட்டால் க்ரீம் சோடா. அந்தச் சோடாவின் சுவையே வெனிலாதான் என்பது பலருக்குத் தெரியாது. மாம்பழத் துண்டின் மேல் ஒரு டீஸ்பூன் விட்டு ஓரிரண்டு உப்புக்கல் நுணுக்கிப் போடுங்கள். பப்பாளிக்கும் நன்றாகச் சேரும், அதன் பச்சை வாடை அடங்கும். சேமியா பாயசத்தில் ஏலக்காயை விட்டுவிட்டு இதைச் சேர்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றையொன்று மறைக்கும். நுங்கு, இளநீர் இரண்டிலும் போட்டுப் பார்த்து நிறுத்திவிட்டேன். அவற்றின் மெல்லிய வாசனை வெனிலா பட்டதும் காணாமல் போகிறது.

போன வாரம் ஊருக்குப் போனபோது ஒரு பாட்டில் கொண்டுபோனேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி, சிரப் ஆகாது. அம்மா மட்டும் பாலில் கலந்து குடித்தாள். நான் மிச்சமிருந்த ஒரு காயை அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காயை மூக்கருகே கொண்டுபோகாமல் முதலில் ஆள்காட்டி விரலில் சுற்றிப் பார்த்தார். அப்புறம்தான் முகர்ந்தார்.

"பசை நல்லாத்தான் இருக்குது. ஆனா வேர்க்க விட்டது பத்தலை கண்ணு. இன்னும் நாலு நாள் கம்பளியில வெச்சிருக்கோணும்" என்றார்.

என்ன விலைக்கு வாங்கினேன் என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, காயைக் கவரில் போட்டு, வாயை இரண்டு முறை மடித்து, காற்றுப் போகாமல் அழுத்தி என்னிடம் கொடுத்தார்.